இரண்டு ட்யூஷன் வைத்தும் கணக்கு வரவில்லை: பத்தாம் வகுப்பு மகளுக்கு எப்படி உதவுவது?

போடிமெட்டு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஜூனில் பத்தாம் வகுப்புக்குச் சென்றிருக்கிறாள். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் தமிழில் 81, சமூக அறிவியலில் 74 வாங்கியவள், கணக்கில் 37 மட்டுமே வாங்கினாள்.

அதனால் பயந்துபோய், காலை ஐந்தரை மணிக்குத் தனியாக ஒரு கணக்கு ட்யூஷனும், மாலை ஆறு முதல் ஒன்பது வரை எல்லாப் பாடங்களுக்குமான இன்னொரு ட்யூஷனும் சேர்த்துவிட்டோம். இரண்டுக்கும் சேர்த்து மாதம் 2,400 ரூபாய் ஆகிறது. வீடு திரும்பிச் சாப்பிட்டு, பள்ளியில் கொடுத்ததை எழுதி முடித்துப் படுக்கும்போது இரவு பதினொன்றரை ஆகிவிடுகிறது. அவள் சோம்பேறிப் பிள்ளை இல்லை. நான் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறேன். என் கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். எங்கள் இருவருக்கும் பத்தாம் வகுப்புக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது.

சென்ற வாரம் அவள் சொன்ன ஒரு சொல் மனத்தைவிட்டு அகலவில்லை. "ட்யூஷனில் போடும்போது எல்லாம் புரியுதும்மா. பரீட்சைத் தாளைப் பார்த்தால் எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை" என்றாள். ட்யூஷனை மாற்ற வேண்டுமா, இன்னும் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டுமா, அல்லது அவள் படிக்கும் முறையிலேயே ஏதேனும் தவறு இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

கரும்பலகை

அம்மா, வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பட்டதாரி ஆசிரியராக முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரியில் பாதி விடை இருக்கிறது. கரும்பலகையில் இன்னொருவர் போடும் கணக்கைத் தொடர்ந்து பார்க்கும்போது, அடுத்த அடி என்ன என்று முடிவு செய்யும் வேலை முழுவதையும் அவரே செய்துவிடுகிறார். பிள்ளை தலையாட்டுகிறது, எழுதிக்கொள்கிறது, உண்மையாகவே புரிந்தும் இருக்கிறது. ஆனால் தேர்வில் கேட்கப்படுவது அந்த முடிவெடுக்கும் வேலைதான், அதை அந்தப் பிள்ளை ஒரு நாளும் தனியாகச் செய்து பார்த்ததில்லை.

ட்யூஷனைப் பற்றி எதையும் முடிவு செய்வதற்கு முன் எனக்காக ஒன்று செய்யுங்கள். கீழே உள்ளவற்றை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, யார் உதவியும் இல்லாமல் போடச் சொல்லுங்கள். இது தேர்வு அன்று, திட்டுவதற்கும் அன்று என்பதை முதலிலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

−6 − 5 எவ்வளவு? 2/3 உடன் 3/4 ஐக் கூட்டினால் எவ்வளவு? 22/7 × 3.5 × 3.5 எவ்வளவு? கூட்டினால் 7, பெருக்கினால் 12 வரும் இரண்டு எண்கள் எவை? 80 இல் 15 சதவீதம் எவ்வளவு?

விடை சரியா தவறா என்பதைவிட, எந்த இடத்தில் கை நிற்கிறது, எதை அடித்துத் திருத்துகிறாள் என்பதை அருகில் இருந்து கவனியுங்கள். தாளை அப்படியே வைத்திருந்து, அவள் எழுதியதை மாற்றாமல் இங்கே பதியுங்கள்.

---

வைகை

ஐயா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனாலும் இந்த இழை "ட்யூஷனே வேண்டாம்" என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். மதுரையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் வீடு ஒரே அறை. தொலைக்காட்சி, சமையல், தங்கையின் அழுகை எல்லாம் அந்த அறைக்குள்தான். என் மகன் சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பில் தேறினான் என்றால், ட்யூஷன் நடத்தியவர் அபாரமாகக் கற்பித்தார் என்பதால் மட்டும் அன்று. மாலையில் மூன்று மணி நேரம் விளக்கு வெளிச்சத்தோடும் அமைதியோடும் உட்கார அவனுக்கு ஓர் இடம் கிடைத்தது என்பதாலும்தான். படித்த பெற்றோர் வீட்டில் கிடைக்கும் உதவியை எங்களைப் போன்றவர்கள் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு ஏற்பட்ட ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய ஆண்டு, வகுப்பில் பாடம் எடுத்த ஒருவரே மாலையில் ட்யூஷனும் நடத்தினார். அதில் சேராத பிள்ளைகளின் சந்தேகங்களுக்கு வகுப்பில் பதில் கிடைக்கவில்லை. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனி ட்யூஷன் நடத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிள்ளையிடம் கோபம் காட்டுவார்களோ என்ற பயத்தில் நான் யாரிடமும் முறையிடவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

---

முதல்பட்டதாரி

அக்கா, நான் இப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குச் செல்லும் முதல் ஆள். உங்கள் மகளின் நிலையில்தான் பத்தாம் வகுப்பில் நானும் இருந்தேன். என் கணக்கு நோட்டில் எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மையில் சரிக்குறி இருக்கும். காலாண்டில் 41 வாங்கினேன். அந்த நோட்டில் இருந்தவை நான் பார்த்து எழுதிய கணக்குகள். நான் போட்டவை அல்ல. அதை உணரவே எனக்கு ஆறு மாதம் ஆனது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தார். அவர் எனக்கு எதையும் விளக்கவில்லை. புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டுக் கணக்கை ஒரு முறை படிக்கச் சொல்வார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அதே கணக்கை வெள்ளைத்தாளில் போடச் சொல்வார். நடுவில் நின்றுவிட்டால், நின்ற வரியை மட்டும் புத்தகத்தில் பார்த்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மறுநாள் எண்களை மாற்றிக் கொடுப்பார். மூன்று நாள் கழித்து, நான் மறந்திருப்பேன் என்று தெரிந்தே அதையே கேட்பார். முதல் இரண்டு வாரம் அழுகையே வந்தது. ஒரு மணி நேரத்தில் மூன்று கணக்குக்கு மேல் நகரவே முடியாது. ட்யூஷனில் அதே நேரத்தில் பதினைந்து கணக்குகளை எழுதியிருப்பேன்.

கல்லூரியில் உளவியல் தாள் படித்தபோதுதான் இதற்கு ஆய்வுச் சான்று இருப்பதைக் கண்டேன். 2006 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவையும் படித்தது; இன்னொரு குழு ஒரு தடவை மட்டும் படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்த குழுவே முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்த குழுவுக்குச் சுமார் 40 விழுக்காடும் நினைவிலிருந்து எழுதிய குழுவுக்குச் சுமார் 61 விழுக்காடும் நினைவில் இருந்தன. "ட்யூஷனில் புரிகிறது, பரீட்சையில் வரவில்லை" என்பது உங்கள் மகளின் குறை இல்லை, அக்கா. எல்லாருடைய நினைவும் அப்படித்தான் வேலை செய்கிறது.

வைகை அண்ணன் சொன்ன இடப் பிரச்சினை உண்மை. 2021 இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையம் ஒன்றில் நான் தன்னார்வலராக இருந்தேன். அது எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கானது. ஆனாலும் ஒன்பது, பத்தில் படிக்கும் பிள்ளைகள் தம்பி தங்கையை அழைத்து வருவதைப் போல வந்து, ஓர் ஓரத்தில் தங்கள் புத்தகத்தை விரித்து உட்காருவார்கள். அவர்கள் தேடி வந்தது அந்த இடத்தைத்தான்.

---

போடிமெட்டு

ஐயா, நீங்கள் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை போடச் சொன்னேன். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

−6 − 5 க்கு +11 என்று எழுதியிருக்கிறாள். 2/3, 3/4 இரண்டையும் கூட்டி 5/7 என்று எழுதியிருக்கிறாள். 22/7 கணக்கில் மிக நீண்ட பெருக்கல் செய்து, பாதியில் அடித்துவிட்டாள். 3, 4 என்ற எண்களை உடனே சொல்லிவிட்டாள். சதவீதக் கணக்கில் 12 என்று சரியாக எழுதினாள். முதல் கணக்கு ஏன் 11 என்று கேட்டதற்கு, "மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்" என்றாள். இது தவறு என்று எனக்கே தெரிகிறது. ஆனால் ஏன் தவறு என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

---

கரும்பலகை

அம்மா, இவ்வளவு உண்மையாகப் பதிந்ததற்கு முதலில் நன்றி. இரண்டு ட்யூஷன்களும் தேடாமல் விட்ட இடம் இப்போது தெரிந்துவிட்டது. உங்கள் மகளின் தடை பத்தாம் வகுப்புப் பாடத்தில் இல்லை. ஆறு, ஏழாம் வகுப்புகளில் இருக்கிறது. சார்புகளுக்கான பாடத்தில் "3 ஆல் பெருக்கி 5 ஐக் கழி" என்ற விதியில் −2 ஐப் பிரதியிடச் சொன்னால், அவள் பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு, −6 − 5 என்ற வரி வரை சரியாக வந்து, அங்கே +11 என்று எழுதுவாள். திருத்துபவர் தவறு என்று கோடு போடுவார். அவளோ தனக்குச் சார்பு என்ற பாடமே புரியவில்லை என்று நம்பிக்கொள்வாள். இப்படி ஒரே ஓட்டை எட்டுப் பாடங்களிலும் வெவ்வேறு பெயரில் ஒழுகிக்கொண்டிருக்கும்.

"மைனஸும் மைனஸும் பிளஸ்" என்பது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதி. கூட்டல் கழித்தலுக்கு அதைப் பயன்படுத்துவது நான் மிக அதிகமாகப் பார்த்த பிழை. கடைக் கடனாகச் சொல்லுங்கள்: மளிகைக் கடையில் ஏற்கெனவே ஆறு ரூபாய் பாக்கி இருக்கிறது, இன்னும் ஐந்து ரூபாய்க்குக் கடனாக வாங்கினால் பாக்கி பதினொன்றாகக் கூடுமே தவிர, கடைக்காரர் நமக்குப் பதினொரு ரூபாய் தர மாட்டார். பிறகு ஓர் எண்கோடு வரைந்து, −6 இல் விரலை வைத்து இடப்பக்கம் ஐந்து அடி நகர்த்தச் சொல்லுங்கள். பின்னத்துக்குத் தோசையே போதும். மூன்றாக வெட்டிய துண்டும் நான்காக வெட்டிய துண்டும் அளவில் வேறானவை. இரண்டையும் பன்னிரண்டாக வெட்டினால்தான் சேர்த்து எண்ண முடியும். அப்படி எண்ணினால் 8/12 உம் 9/12 உம் சேர்ந்து 17/12. முழுத் தோசையைவிட அதிகம் வந்திருக்கிறதே என்று அவளே கவனிக்கட்டும். 5/7 முழுத் தோசையை விடக் குறைவு என்பதும் அப்போது அவளுக்கே உறைக்கும். 22/7 கணக்கில் முதலில் 7 ஐயும் 3.5 ஐயும் சுருக்கினால் 11 × 3.5 என்றாகி, 38.5 இரண்டு வரியில் முடிந்துவிடும். பெருக்கத் தொடங்குவதற்கு முன் சுருக்க முடியுமா என்று பார்க்கும் பழக்கம் இல்லாததால், அளவியல் பாடத்தில் பிள்ளைகள் நேரத்தை இழக்கிறார்கள்.

இரண்டு வாரங்களுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கைப் பள்ளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் நாள்தோறும் இருபத்தைந்து நிமிடம் குறி, பின்னம், சுருக்குதல் ஆகிய மூன்று மட்டும் போதும். ஆறாம், ஏழாம் வகுப்புப் புத்தகங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமே கிடைக்கும். சிறு வகுப்புப் புத்தகத்தை எடுக்க அவள் வெட்கப்படலாம். நல்ல ஓவியர்களும் கோடு இழுத்துப் பழகிக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

அதன் பிறகு தனியாக ஒரு பிழை நோட்டு வையுங்கள். என் முப்பத்தோரு ஆண்டுகளில் இதைவிடப் பயன்பட்ட பொருள் வேறில்லை. தவறிய கணக்கை மறுபடி முழுதும் எழுத வேண்டியதில்லை. எந்த வரியில் தவறியது, ஏன் தவறியது என்பதைத் தன் சொந்தச் சொற்களில் ஒரே வாக்கியமாக அவள் எழுத வேண்டும்: "கூட்டலில் பெருக்கல் விதியைப் போட்டுவிட்டேன்." வாரக் கடைசியில் அந்த நோட்டிலிருந்து ஐந்து கணக்குகளைப் பாட வரிசையைக் கலைத்துக் கொடுங்கள். வரிசையைக் கலைப்பது முக்கியம். பயிற்சி 3.5 என்று தலைப்புப் பார்த்துப் போடும் பிள்ளைக்கு எந்த முறையைக் கையாள வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது; பொதுத்தேர்வுத் தாளில் அப்படித் தலைப்பு இருக்காது.

வினாத்தாளின் அமைப்பையும் அவள் தெரிந்துகொள்ளட்டும். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 10, எட்டு மதிப்பெண் வினா 2 என்று விடை எழுத வேண்டும். அந்த எட்டு மதிப்பெண் வினாக்களில் ஒன்று வடிவியல் வரைதல், மற்றொன்று வரைபடம். இந்த 16 மதிப்பெண்களுக்கு வேண்டியது கூரான பென்சிலும், வாரம் இரண்டு வரைதலுக்கான பொறுமையும்தான். ஐந்து மதிப்பெண் கணக்கில் விடை பிசகினாலும் சரியான படிநிலைகளுக்கு மதிப்பெண் உண்டு. தெரிந்த வரி வரை எழுதாமல் பக்கத்தைக் காலியாக விட்டுவருவது பெரிய இழப்பு.

வைகை அவர்களே, ட்யூஷனுக்கு நான் எதிரி அல்லன். அங்கு நடப்பது என்ன என்றுதான் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் பிள்ளை தனியாகக் கணக்குப் போடும் நேரம் எவ்வளவு, தவறு வந்தால் எந்த வரியில் என்று யாராவது பார்க்கிறார்களா, சென்ற மாதப் பாடத்தைத் திரும்பக் கேட்கிறார்களா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் சொல்லும் ட்யூஷனாக இருந்தால் ஒன்றே போதும். இல்லாவிட்டால் ஐந்து வைத்தாலும் இன்னொருவர் நீந்துவதைக் கரையில் உட்கார்ந்து பார்ப்பது போலத்தான்.

---

ஆய்வக மேசை

அறிவியல் ஆசிரியை என்ற முறையில், எல்லாரும் கடந்து போய்விட்ட ஒன்றைப் பேச விரும்புகிறேன். பதினொன்றரைக்குப் படுத்து, ஐந்தரை மணி ட்யூஷனுக்காக ஐந்துக்கு எழும் பிள்ளை ஐந்தரை மணி நேரமே தூங்குகிறாள். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016 இல் பரிந்துரைத்தது. பகலில் கற்றவை நினைவில் நிலைபெறுவதற்குத் தூக்கம் வேண்டும். என் வகுப்பில் இரண்டாவது பாடவேளையில் கண் சொருகும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் அதிகாலை ட்யூஷனிலிருந்து நேராக வருபவர்கள். அவர்களைத் தட்டி எழுப்ப மனம் வருவதில்லை.

மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டுதல்களும் நேரத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது. மிக அதிகாலையிலும் பின்னிரவிலும் கூடாது. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்கின்றன. ஆனால் ஐம்பது மாணவர்களுக்கு மேல் உள்ள மையங்களையே அவை கருத்தில் கொள்கின்றன; நம் தெருவில் மாடியில் நடக்கும் ட்யூஷனுக்கு அந்த வரம்பை நாம்தான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

அறிவியலுக்கு ஒரு சொல். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறையைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாமல், பள்ளியில் சோதனை நடக்கும் நாளிலேயே பதிவேட்டை முடித்துவிட வேண்டும். மனித இதயப் படத்தைப் பார்த்துப் பத்து முறை வரைவதைவிட, பார்க்காமல் ஒரு முறை வரைந்து, விட்டுப்போன பாகங்களை வேறு நிற மையில் நிரப்பச் சொல்லுங்கள். எது தெரியும், எது தெரியாது என்பதை அந்த இரண்டாவது நிறமே காட்டிவிடும்.

---

வைகை

ஆசிரியர்கள் இருவரும் சொன்னதைப் படித்தபின் என் மகனிடம் கேட்டேன். ட்யூஷனில் உண்மையில் உதவியது எது என்றேன். சார் நடத்தியதைவிட, அவர் வருவதற்கு முன் அரை மணி நேரம் நண்பனுக்கு இவன் சொல்லிக்கொடுத்தபோதுதான் தனக்கே தெளிவானது என்றான். எனக்கு வியப்பாக இருந்தது. இப்போது பதினொன்றாம் வகுப்பில் இவனும் இன்னும் இருவரும் பட்டறை மூடியபின் அங்கேயே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். கைபேசிகள் மூன்றும் என் கருவிப் பெட்டிக்குள் இருக்கும்; எட்டரை மணிக்குத்தான் திறப்பேன்.

---

கரும்பலகை

உங்கள் மகன் சொன்னதை நன்னூல் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறது. ஆசான் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குப் புலமை. உடன் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது மீதி அரை நிரம்பும் என்பது பவணந்தி முனிவர் போட்ட கணக்கு. போடி அம்மாவும் இதைச் செய்யலாம். உங்களுக்குக் கணக்கு தெரியாது என்பது இங்கே குறையே அன்று. வேலை முடிந்து வந்து பத்து நிமிடம் உட்கார்ந்து, "இன்று போட்ட ஒரு கணக்கை எனக்குச் சொல்லு, இந்த வரி எப்படி வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். தெரியாதவர் கேட்கும் "எப்படி" என்ற கேள்விக்குத்தான் அவள் உண்மையாக விளக்கியாக வேண்டும்.

---

போடிமெட்டு

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். காலை ட்யூஷனை நிறுத்திவிட்டோம். மாலை ட்யூஷனில் ஐயா சொன்ன மூன்று கேள்விகளையும் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த ஆசிரியை கோபப்படவில்லை. கடைசி நாற்பது நிமிடம் யாரும் பார்த்து எழுதாமல் தாமே போட வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் மாற்றிவிட்டார். மகள் இப்போது பத்து மணிக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுகிறாள். பிழை நோட்டு பாதி நிரம்பிவிட்டது. இரவில் நான் ஏலக்காய் வாசனையோடு உட்கார்ந்து "இந்த வரி எப்படி வந்தது" என்று கேட்கிறேன். சில நாள் சலித்துக்கொள்கிறாள். சில நாள் அவளே கூப்பிடுகிறாள்.

காலாண்டில் கணக்கில் 53. வடிவியலிலும் வரைபடத்திலும் மட்டும் 15 வாங்கியிருக்கிறாள். முக்கோணவியல் இனிதான் வருகிறது. ட்யூஷனில் தொடங்கிய முதல் நாளே முற்றொருமைகளை நிரூபிக்கும் கணக்குகளைப் பார்த்துப் பயந்துவிட்டாள். டேன், காட் இரண்டையும் கூட்டும் ஒரு கணக்கில் இரண்டாவது வரியில் அப்படியே நிற்கிறது.

---

கரும்பலகை

நல்ல செய்தி, அம்மா. அந்தக் கணக்கில் இடப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, டேன் என்பதைச் சைன் கீழ் காஸ் என்றும், காட் என்பதைக் காஸ் கீழ் சைன் என்றும் எழுதச் சொல்லுங்கள். இப்போது முன்னால் இருப்பவை பகுதி வேறான இரண்டு பின்னங்கள். ஜூன் மாதத்தில் 2/3 உடன் 3/4 ஐ எப்படிச் சேர்த்தாள் என்று கேளுங்கள். பிழை நோட்டின் முதல் பக்கத்தில் அது இருக்கும். அதையே இங்கே செய்யட்டும்; மேலே சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் சேர்ந்து நிற்கும்போது அது 1 என்று அவளே சொல்லிவிடுவாள். அடுத்த வரியில் நின்றால், நின்ற வரியை மட்டும் இங்கே எழுதுங்கள்.